அஸருக்குப் பின் ஓர் ஓட்டம்

ரமலான் எந்தப் பருவத்திலும் தங்குவதில்லை. பிறை பார்த்துக் கணக்கிடும் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் சிறியது. அதனால் ஆண்டுதோறும் அவ்வளவு முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று முடித்துப் பழைய பருவத்துக்கே வந்து சேர்கிறது. நான் முப்பது நோன்பையும் பிடிக்கத் தொடங்கியது 1992 மார்ச்சில், காயல்பட்டினத்தில், ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே. 2025 மார்ச்சில் அதே வெயிலும் நோன்பு திறக்கும் அதே நேரமும் மறுபடி வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் கத்திரி வெயிலிலும், இரவு ஒன்பது மணி வரை அணையாத லண்டன் கோடையிலும் நோன்பு வைத்திருக்கிறேன். அநேகமாக எல்லா ரமலானிலும் ஓடியும் இருக்கிறேன்.

இத்தனை ஆண்டும் என் காதில் விழுந்த பேச்சு ஒன்று உண்டு. "நோன்பு மாசத்துல ஓட்டம் போச்சு, பெருநாள் கழிச்சுப் பாத்துக்கலாம்." இப்படிச் சொல்லி ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். வழக்கமான தூரத்தில் ஒரு அடியும் குறைக்க மாட்டேன் என்று வீம்பாக ஓடி, பத்தாம் நோன்புக்குள் படுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நோன்பு வணக்கம். உடம்பைக் குறைக்கவோ கூட்டவோ யாரும் அதை வைப்பதில்லை. ஆனால் உடம்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். வணக்கத்தில் குறைவைக்காமல், ஆண்டு முழுக்க ஓடிச் சேர்த்த மூச்சையும் இழக்காமல் அந்த மாதத்தைக் கடக்க முடியும். அதை நான் முதலில் கண்டது கால்பந்து மைதானத்தில்.

காயல்பட்டினத்தில் கால்பந்து என்பது பெருநாளுக்கு அடுத்த கொண்டாட்டம். ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கும். என் காக்கா (அண்ணன்) தெருப் பையன்கள் அணியில் இடது ஓரம் ஆடுபவர். நான் பந்து பொறுக்கிப் போடுகிறவனாகத் தொடங்கி, பிறகு அவர்களோடு ஓட மட்டும் கற்றுக்கொண்டவன். 1998இல் ரமலான் டிசம்பர் கடைசியில் தொடங்கியது. அரையாண்டு விடுமுறை, குளிர்ந்த கடல்காற்று, சின்னப் பகல். பையன்களுக்குத் தினமும் மாட்ச் ஆட வேண்டும். பயிற்சி கொடுத்த மாஸ்டர் ஒப்பவில்லை.

"நாளைக் குறைங்க. நேரத்தைக் குறைங்க. வேகத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.

மற்ற மாதங்களில் தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்கும் பயிற்சி, நோன்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சற்றுப் பொறுத்துத் தொடங்கி, நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் முடியும்படி நாற்பது நிமிடம். முதலில் மெல்லோட்டம். பிறகு கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை முழு வேகத்தில் சில பாய்ச்சல்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சு முழுக்க அடங்கும்வரை நடை. கடைசியில் பந்தை மாற்றி மாற்றித் தட்டுவது. அவ்வளவுதான். எவனாவது மாட்ச் ஆடலாம் மாஸ்டர் என்று இழுத்தால், இரவுத் தராவீஹ் தொழுகையில் கடைசி ரக்அத் வரை நிற்கிறவன் மட்டும் கேட்கட்டும் என்பார். பெருநாள் கழிந்து இரண்டாம் வாரத்தில் நடந்த போட்டியில் காக்காவின் அணி கடைசி நிமிடம் வரை ஓடியது. ஒரு மாதம் பந்தையே தொடாத எதிரணி, இடைவேளைக்குப் பின் இடுப்பில் கைவைத்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மாஸ்டர் சொன்னதற்கு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆதாரம் இருப்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1980களின் முற்பகுதியில் தொடர்ச்சியாகச் சில ஆய்வுகள் செய்தார்கள். ஆட்களை வாரத்துக்கு 6 நாள், தினம் 40 நிமிடம், 10 வாரம் கடுமையாகப் பயிற்றினார்கள். உடல் ஒரு நிமிடத்தில் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு எல்லோருக்கும் நன்றாக உயர்ந்தது. அதன் பிறகு ஒரு குழுவுக்கு நாள்களைக் குறைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நிமிடங்களை 26 ஆகவும் 13 ஆகவும் குறைத்தார்கள். 15 வாரம் போன பின்னும் அந்த உச்ச அளவு அநேகமாக அப்படியே நின்றது. ஆனால் நாளையும் நிமிடத்தையும் தொடாமல் தீவிரத்தை மட்டும் குறைத்த குழுவுக்கு அது சரிந்தது. முற்றிலும் ஓய்வெடுத்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே சரிவு தெரியத் தொடங்கும். முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், அதனால் இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தமும் குறையும். ரமலானின் 29 அல்லது 30 நாள் என்பது சும்மா இருந்தால் இழக்கப் போதுமான காலம். கொஞ்சம் செய்தால் காப்பாற்றவும் போதுமான காலம்.

அந்தக் கொஞ்சத்தை எப்போது செய்வது என்பதைச் சாப்பாடுதான் முடிவுசெய்கிறது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால் கஞ்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லுஹர் தொழுகை முடியும்போதே பள்ளிவாசல் பின்கட்டில் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். பண்டாரி பெரிய தேக்சாவில் நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி எல்லாம் போட்டு வேகவிடுவார். வெங்காயமும் தக்காளியும் மல்லி புதினாவும் வதங்கி விழும். வசதியான நாளில் கொத்துக்கறி. இறக்கும் முன் தேங்காய்ப்பால். அஸர் முடிந்ததும் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளை, என்ன மதம் என்று அந்த வரிசையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தமிழ்நாடு அரசு இந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது.

ஓடிவிட்டு வந்து அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது உடம்பு உடனே எழுந்து உட்காருவதை எங்கள் அணியில் எல்லோரும் அறிவோம். அதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலின் சுவரில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து போகும்போது தண்ணீரும் கூடவே இழுபட்டுப் போகும். காலராவில் வறண்டு கிடந்தவர்களை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் மீட்கலாம் என்று 1960களின் கடைசியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவர்கள் காட்டியது இந்த வழியைப் பிடித்துத்தான். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்திருந்த போங்காவ்ன் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அதைக் கொண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பின்னாளில் சர்க்கரைக்குப் பதில் அரிசிமாவைப் போட்டும் டாக்காவில் சோதித்து, பயன் தருவதைக் கண்டார்கள். வெந்து குழைந்த அரிசி, உப்பு, நிறையத் தண்ணீர், மேலே கொஞ்சம் பருப்பின் புரதம். எங்கள் பண்டாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கிண்டிக்கொண்டிருந்தது அதே பொருள்தான். வெயிலில் உழைத்துவிட்டு நோன்பு திறக்கும் மனிதனுக்கு இதைவிட ஏற்ற முதல் உணவை நான் எங்கும் கண்டதில்லை. பெரிய ஓட்டக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துச் செல்லும் விலையுயர்ந்த பசைகளையும் ருசி பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பாங்கு சொன்னதும் மூன்று பேரீச்சம்பழம். அதில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, மூளைக்கு முதலில் வேண்டியது அது. ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு கிண்ணம் கஞ்சி. பிறகு எழுந்து மக்ரிப் தொழப் போய்விட வேண்டும். இந்த இடைவெளியைச் சுன்னத்தாகவே பழகியவர்களுக்கு வயிறு ஒருபோதும் கனப்பதில்லை. வடையும் சமோசாவும் வாடாவும் தட்டில் வந்து உட்காருவது எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் எண்ணெய் வயிற்றைவிட்டு மெதுவாகவே இறங்கும். கஞ்சியோடு ஒன்று தின்றால் குற்றமில்லை. ஐந்தாறு உள்ளே போனால் அன்றைக்குத் தராவீஹில் நிற்பதே பாடு, ஓடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹர் சாப்பாடு வீட்டுக்கு வீடு மாறும். விடிய மூன்றரை மணிக்குப் பக்கீர்சா தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருவில் போகும்போது உம்மா எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் சூடான சோறு, பருப்பாணமோ கறியாணமோ, முட்டை, கடைசியில் தயிரும் வாழைப்பழமும். தூக்கக் கலக்கத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுகிற பையன்களை உம்மா விடவே மாட்டார்கள்.

"சோறு இறங்கலேன்னா தயிரும் பழமுமாவது சாப்பிட்டுப் படு வாப்பா. சாயங்காலம் ஓடுறது இந்தச் சோறுதான்."

கல்லீரல் தனக்குள் சேர்த்துவைக்கும் சர்க்கரை 100 கிராம் அளவுதான். தூங்கும்போதே அது கரைந்துகொண்டிருக்கும். சஹரில் சாப்பிடாதவனுக்கு அது முந்தைய இரவிலிருந்தே குறைந்துகொண்டு வரும், சாயங்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தசைக்குள் இருப்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. சும்மா உட்கார்ந்திருந்தால் அது அவ்வளவாகக் குறைவதில்லை, ஓடும் காலுக்காகவே காத்திருக்கும். ஆகவே சஹர் ஒழுங்காக நடந்திருந்தால், அஸருக்குப் பிறகு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரைமணி நேரம் ஓடப் போதுமான எரிபொருள் உடம்பில் இருக்கிறது. அந்த வேகத்தில் கொழுப்பும் நன்றாகவே எரிந்து கைகொடுக்கும். நோன்பாளியின் ஓட்டத்தை முதலில் தடுப்பது பசி இல்லை. தாகம்.

தண்ணீர் விஷயத்தில் பலர் சஹர் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு லிட்டரை மடமடவென்று கவிழ்க்கிறார்கள். சிறுநீரகம் அதில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடும். நோன்பு திறந்ததிலிருந்து தூங்கும் வரையிலும் சஹரிலுமாக இரண்டு இரண்டரை லிட்டரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். அதிலும் வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட மோரும் பாலும் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். தேநீர்ப் பிரியர்களுக்கு முதல் மூன்று நோன்பில் வரும் மண்டையிடி பெரும்பாலும் பசியால் வருவதில்லை, தேநீர் நின்றதால் வருவது. ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்திலேயே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்த இடியும் இல்லை.

2015இல் வேலைக்காக லண்டனில் இருந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை. கூட இருந்தவர்களில் ஒருவர் கீழக்கரை, இன்னொருவர் இலங்கையின் காத்தான்குடி. அந்த ஆண்டு ரமலான் ஜூன் 18இல் தொடங்கியது, ஆண்டின் மிக நீண்ட பகல்களில். சுபுஹு மூன்று மணிக்கு முன்பே வந்துவிடும், மக்ரிப் ஒன்பது இருபது வாக்கில். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நோன்பு. திறந்ததிலிருந்து சஹர் முடியும்வரை கையில் இருப்பது ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் இஷா, தராவீஹ், சாப்பாடு, தூக்கம். ஊரில் இருந்து வந்த பயம், இங்கே ஓட்டம் நடக்காது என்பதுதான்.

நடந்தது. இரவு எட்டு மணிக்கு, சூரியன் இன்னும் நன்றாக மேலே இருக்கும்போது, வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளியில் மூன்று பேரும் ஓடினோம். வெயில் 20 டிகிரி அளவில். வியர்வை சட்டையின் முதுகை மட்டும் நனைக்கும். ஓடி முடித்து வீட்டுக்கு நடந்து, குளித்து உட்கார்ந்தால் பாங்கு நேரம். காத்தான்குடிக்காரர் ரைஸ் குக்கரில் கஞ்சி வைப்பதில் கெட்டிக்காரர். சஹரில் பாலில் ஊறிய ஓட்ஸும் பேரீச்சையும் அவித்த முட்டையும். மூன்று வேளைச் சாப்பாட்டை அந்த ஐந்து மணி நேரத்தில் திணிக்காமல், இரண்டு வேளையையும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். மதியம் அலுவலகத்து உணவு இடைவேளையில் இருபது நிமிடக் கண்ணயர்வு அந்த மாதத்தின் பெரிய பாக்கியம். தூக்கம் குறைந்தால் ஓட்டம் மட்டுமல்ல, கோபத்தை அடக்குவதும் கடினமாகிவிடுகிறது. நோன்பில் அதுதானே முதல் வேலை.

அங்கேதான் எனக்கு ஒன்று தெளிவானது. மணிக்கணக்கைவிட வெப்பக்கணக்குதான் நோன்பாளியின் ஓட்டத்தை முடிவுசெய்கிறது. அந்த ஜூலை 1ஆம் தேதி ஹீத்ரோவில் 36.7 டிகிரி பதிவாகி நகரமே தகித்தது. அன்று ஷூவைத் தொடவில்லை.

2012 ஒலிம்பிக்கும் அதே நகரத்தில் ரமலானில்தான் நடந்தது. மோ ஃபாரா நோன்பைத் தள்ளிவைத்துவிட்டு ஓடி 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். எங்கள் அறையில் அதைப் பற்றி இரவெல்லாம் வாதம் நடந்ததுண்டு. கூடைப்பந்தில் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் நோன்பு வைத்துக்கொண்டே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருது பெற்றதைக் கீழக்கரைக்காரர் எடுத்துப் போடுவார். நான் இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஒரு மணி நேரம் உச்ச வேகத்தில் மோதும் உலகப் போட்டியும் நம் மாலை ஓட்டமும் ஒன்றல்ல. பின்னாளில், 2021 ஏப்ரலில், லெஸ்டர் சிட்டியும் கிரிஸ்டல் பேலஸும் ஆடிய ஆட்டத்தில் கோல் கிக்கின்போது பேலஸ் கோல்கீப்பர் குவைதா சற்றுப் பொறுத்து நின்றார். வெஸ்லி ஃபோஃபானா ஓரத்துக்கு ஓடிப்போய் நோன்பு திறந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அவ்வளவு சின்ன இடம் கொடுத்தாலே ஒருவன் வணக்கத்தையும் விளையாட்டையும் சேர்த்து நடத்திவிடுகிறான்.

சென்னை வேறு கதை. 2019இல் ரமலான் மே 7இல் தொடங்கி, ஏறக்குறையக் கத்திரியோடு கத்திரியாகவே கிடந்தது. குடிநீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டிய கோடை. நான் அப்போது திருவல்லிக்கேணியில் குடியிருந்தேன். வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்பேன். அங்கே பல பத்தாண்டுகளாக சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் நோன்பாளிகளுக்குச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். தலையில் குல்லாவோடு குனிந்து குனிந்து தட்டு வைக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிப்பது தனி நிறைவு.

நோன்பு நேரம் லண்டனைவிட நான்கு மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஆனால் அஸருக்குப் பிறகு மூச்சு விட்டாலே வியர்த்தது. அந்தக் காலத்தில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேர மெல்லோட்டத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். அத்தனையும் தண்ணீர். 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர் போனால் எடையில் 2 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டும்போது ரத்தம் குறுகி, இதயம் வேகமாக அடித்து, அதே வேகம் இரட்டிப்புக் கடினமாகத் தெரியும். நாள் முழுக்கக் குடிக்காத உடம்பு அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். அதனால் அந்த மாதம் முழு ஓட்டத்தையும் தராவீஹுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். இரவு பத்தரைக்குக் காமராஜர் சாலை நடைபாதையில் கடற்காற்று இருக்கும், கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், மூன்று மூன்று நிமிடமாக வேகம் கூட்டி ஓடிவிட்டு, மற்ற நாள்களில் நடை. இருபது ரக்அத் நின்று குனிந்து எழுந்த கால் ஏற்கெனவே பதமாகியிருக்கும், தனியாகச் சூடேற்றத் தேவையில்லை. ஓடி வந்து மோரும் சுண்டலும். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் நோன்பு திறக்கும்போது, தராவீஹுக்குப் பின், சஹரில் என்று பிரித்துக்கொண்டால் தசை கரைவது குறையும். மாதக் கடைசியில் எடை ஒன்றரை கிலோ குறைந்திருந்தது, ஓட்ட வேகம் குறையவில்லை.

அடுத்த ஆண்டு ஊரடங்கு. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, கஞ்சி வீட்டில். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். மேல்மாடிக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வாப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. எங்கள் வீட்டில் அதிகாலை நடையைப் பழக்கியவர் அவர்தான். 2007இல், ரமலானுக்கு முந்திய மாதம், சர்க்கரை ஏறி இன்சுலின் தொடங்கியிருந்தது. நோன்பு வைத்தால் மதியத்துக்குள் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம், ஊசியை நிறுத்தினால் அபாயமாக ஏறலாம், வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பு விடாத மனிதர். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளி இமாமிடம் நானே கூட்டிப்போனேன்.

"ஹாஜியாரே, நோயாளிக்கு நோன்பை விடச் சொன்னதும் அல்லாஹ்தான். அவன் கொடுத்த சலுகையை வேண்டாம்னு சொல்றது பணிவா?" என்று கேட்டார் இமாம்.

வாப்பா ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு என்று ஃபித்யா கொடுத்தார். மதியம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிட வேண்டிய அளவை மருந்துபோல் சாப்பிட்டார். ஆனால் அஸருக்குப் பிறகு நாங்கள் கடற்கரைக்குக் கிளம்பும்போது அவரும் வந்தார். நாங்கள் ஓடுவோம், அவர் மணலை ஒட்டி நடப்பார். நோன்பு திறந்து கொஞ்சம் சாப்பிட்டதும் மறுபடி தெருவைச் சுற்றி ஒரு நடை. சாப்பாட்டுக்குப் பின் நடப்பது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சஹருக்கு எல்லோரையும் எழுப்புவதும் அவர்தான். நோன்பு வைக்காத மனிதர் எங்கள் வீட்டு நோன்பை நடத்தினார். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பும் வைத்து ஓடவும் செய்வதைக் கண்டால் எனக்கு வாப்பாவின் அந்த இரண்டு நாள் மௌனம் ஞாபகம் வரும். மார்க்கம் கொடுத்த வாசலை அவர்களும் பார்க்க வேண்டும்.

இப்போது காக்காவின் மகள் ஓடுகிறாள். பள்ளியில் 1,500 மீட்டர். 2025 ரமலானுக்கு நான் ஊருக்குப் போனபோது கையில் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"சாச்சா, நோன்புல இன்டர்வல் ஓடலாமா?"

மாஸ்டர் சொன்னதையும் ஹிக்சன் சொன்னதையும் அவளுக்குச் சொன்னேன். மார்ச் மாதத்தில் காயலில் நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அஸருக்குப் பின் கடற்கரை ஓரம் மெல்லோட்டம் இரண்டு நாள், அதுவும் பாங்குக்கு அரைமணி முன்னால் தொடங்கும்படி. வேக ஓட்டம் இரண்டு நாள், தராவீஹுக்குப் பிறகு, அவள் உம்மா கூட நடக்க. தலை சுற்றினால், உடம்பு குளிர்ந்து வியர்த்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிழலில் உட்கார வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் தண்ணீர் குடித்து நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வேறொரு நாளில் கழாச் செய்ய வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண்களின் மாதவிலக்கு நாள்களைப் பற்றி எங்கள் காலத்தில் யாரும் வாய் திறந்ததில்லை. நோன்பில்லாத அந்த நாள்களை வீட்டுக்குள் ஒளித்து, பசியோடேயே கழிப்பார்கள் பெண்பிள்ளைகள். காக்காவின் மனைவி அதை மாற்றிவிட்டார். அந்த நாள்களில் மகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, உடம்பு இடங்கொடுத்தால் நீண்ட ஓட்டத்தையும் அப்போதே வைத்துக்கொள்ளச் சொன்னார். வளரும் ஓட்டக்காரிக்கு இரும்புச்சத்து முக்கியம் என்று ஈரலும் முருங்கைக்கீரையும் சஹர் சோற்றில் வந்தன. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதால் தேநீர் தள்ளிப்போனது. நான் சொல்லிக்கொடுக்காத இந்தப் பகுதியை அந்தத் தாயிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அடுத்த ரமலானுக்கு ஓட வரும் பெண்களிடம் சொல்வேன்.

பெருநாள் கழிந்து பள்ளி மைதானத்தில் அவள் 1,500 மீட்டர் ஓடினாள். நோன்புக்கு முன் எடுத்த நேரத்துக்கும் இதற்கும் நொடிக்கணக்கில்தான் வித்தியாசம். ரமலானை அடுத்த ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பைத் திங்களுக்கும் வியாழனுக்கும் பிரித்துவைத்துக்கொண்டு, வேக ஓட்டத்தைச் செவ்வாய்க்கும் சனிக்கும் மாற்றிக்கொண்டாள். இந்த முறை அட்டவணை அவள் போட்டது. என்னிடம் கேட்கவில்லை.